குருநகர்க் கரையில் ஒரு துப்புரவு

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் குருநகர்ப் பெண்கள் இருவர் இருந்தனர்.

“தொண்டு செய்ய வந்த வெள்ளைக்காரப் பிள்ளை எங்கடை கரையைத் துப்புரவாக்கிப்போட்டுது, அக்கா.”

“நல்லதுதானேடி.”

“என்ன நல்லது? நண்டு வலைக்கு மிதப்பாக் கட்ட என்ரை மனுசன் குவிச்சு வைச்ச வெறும் போத்தல் எல்லாத்தையும் குப்பையெண்டு அள்ளி லொறியிலை ஏத்திப்போட்டுது. அவர் இண்டைக்குத் தொழிலுக்குப் போகேல்லை.”

“கேக்கேல்லையோ?”

“கேட்கப் போனால், அது பேஸ்புக்கிலை எழுதிக்கொண்டிருக்குது, இஞ்சத்தைச் சனத்துக்குக் கடலின்ரை அருமை தெரியாதாம்.”

“ஓம், அதுக்குத்தான் தெரியும்!”

“ஞாயிறு பூசை முடிய எங்களுக்கு வகுப்பும் எடுக்குதாம்.”

“போவியோ?”

“போகாமல்? வாற எல்லாருக்கும் போத்தல் தண்ணி குடுப்பினமாம். குடிச்சு முடிய வெறும் போத்தல் முழுக்க எனக்குத்தான்.”