மாடத்தி வீட்டுக்கு வந்த வரி

விடிந்தது முதல் வியாபாரத்தில் வெந்தாலும், வீடுள்ளவர் வேதனை கேட்க வேளையோடு வந்து தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய அய்யாதுரை அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு இறங்கியவுடன், கால் கழுவக்கூட நேரமின்றி, களைப்பையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் செல்வலட்சுமி. முன்பு உங்களோடு கம்பெனி வேனில் போனவள், இப்போது சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவள். காலண்டரில் கிழமை தவறினால் திருத்திவிடலாம். ஒரு வீட்டில் விழுந்த பிழையைத் திருத்த வழியிருந்தும் திருத்தாமல் போன துயரத்தைச் சொல்லவே இந்த ஒலிபெருக்கி முன் நிற்கிறேன்.

வீட்டு வரியை ஏற்றிவிட்டார்கள், ஏற்றிவிட்டார்கள் என்று வாசலுக்கு வாசல் புலம்புகிறோம். எதை வைத்து ஏற்றினார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்? வீட்டின் பரப்பு என்ன, எந்தத் தெருவில் இருக்கிறது, கூரை ஓடா, காங்கிரீட்டா, கட்டி எத்தனை காலமாயிற்று, குடியிருக்கும் வீடா, கடையா, தொழிற்கூடமா, இவற்றை வைத்துத்தானே வரி போடுகிறார்கள்? இதில் ஒன்று தவறினாலும் வரி தவறும். தவறினால் நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபணை மனு கொடுக்கலாம். நேரில் வந்து அளந்து பாருங்கள் என்று கேட்கலாம். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

அங்கன ஆரு, "கேட்டா மட்டும் குறைச்சிருவாகளா?"ங்கிறது? முனியராஜ் அண்ணனா? கேட்டுப் பாருங்கண்ணே! கேக்காமயே குறைக்க அவுக என்ன நமக்குத் தாய்மாமனா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நம் கீழத்தெரு மாடத்தி மதினியை உங்களுக்குத் தெரியும். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவர் கணவர் ஊர்க்காவலன் அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி விபத்தில் கருகிப் போனார். அந்த உயிருக்கு ஈடாக வந்த தொகையில் எழுந்ததுதான் மதினியின் வீடு. உலகத்தில் எல்லோரும் செங்கல்லால் வீடு கட்டுகிறார்கள். அந்த வீட்டை மட்டும் ஒரு மனிதனைக் கொடுத்துக் கட்டினார்கள்.

அந்த வீட்டின் முன்னறையில் பகலில் மதினி பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுவார். வெடிமருந்து கிடையாது, திரி கிடையாது. வெறும் குழாய். இரவில் அதே அறையில் குழாய்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பார். வரி போட வந்தவர் பகலில் வந்தார். குழாயைப் பார்த்தார், பாயைப் பார்க்கவில்லை. 'தொழிற்கூடம்' என்று எழுதிவிட்டுப் போனார். வரி பலமடங்கு ஏறியது.

மதினி மனு கொடுத்தார். துணிந்து கொடுத்தார். அளக்க வருகிறோம் என்று பதிலும் வந்தது. அந்த நாளும் வந்தது. வாசலில் காத்திருந்தார். தெருமுனையில் ஜீப் திரும்பியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் கதவைப் பூட்டிவிட்டுக் கண்மாய்க்கரைப் பக்கம் ஓடிவிட்டார் மதினி!

ஏன் ஓடினார்? வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. உங்களுக்கு விளங்கும். அனுமதித்ததற்கு மேல் ஆள் வைத்திருக்கும் கம்பெனியில் சோதனை ஜீப் வந்தால் என்ன செய்வோம்? ஃபோர்மேன் விசில் ஊதுவார். போட்டது போட்டபடி முள்ளுக்காட்டுக்குள் ஓடுவோம். செருப்பை விட்டு ஓடுவோம், சோற்றை விட்டு ஓடுவோம். கல்யாணமாகி வந்த நாள் முதல், கம்பெனிக்குப் போன காலமெல்லாம் அப்படி ஓடிப் பழகிய கால்கள் மதினியின் கால்கள். நம் வீட்டுக்கு, நம் மனுவுக்கு, நாம் கூப்பிட்டு வந்த ஜீப் என்பது கால்களுக்குத் தெரியுமா?

நான் கேட்டபோது மதினி சொன்னார்: "மனசு நில்லுன்னுதான் சொல்லுச்சு செல்வலட்சுமி. காலு கேக்கலையே தாயி."

வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள். 'உரிமையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்கள். மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்யலாம் மதினி என்று மன்றாடினேன். "இன்னொரு மட்டம் ஜீப்பு வரும்லா? வேண்டாம் தாயி. ஜப்தி, கிப்தின்னு வந்து நின்னா தெருவுல எப்படித் தலைநிமிந்து நடப்பேன்?" என்றார். எந்த ஜப்தியும் வரவில்லை. வருமோ என்ற அச்சத்திலேயே வீட்டை விற்றார். கணவரைக் கொடுத்துக் கட்டிய வீட்டை, ஒரு கையெழுத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த சந்தில் வாடகைக்குப் போனார்.

வாங்கியவர் விருதுநகர் வத்தல் வியாபாரி சரவணக்குமார். நல்லவர். நியாயமான விலை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்த வீட்டில் பாண்டிமீனா குடும்பத்தை வாடகைக்குக் குடிவைத்தார். பாண்டிமீனாவும் அதே முன்னறையில் அதே குழாயைத்தான் சுற்றுகிறாள். சரவணக்குமார் மேல்முறையீடு செய்தார். ஜீப் வந்தது. வாசலில் நின்று, "வாங்க சார், உள்ள வந்து பாருங்க, ராத்திரி இதுலதான் படுத்து எந்திரிக்காக" என்று அழைத்துப் போனார். அளக்கும் நாடாவின் ஒரு முனையைத் தானே பிடித்தார். பாயைக் காட்டினார், அடுப்பைக் காட்டினார். 'குடியிருப்பு' என்று திருத்தினார்கள். வரி இறங்கியது.

அதே சுவர், அதே கூரை, அதே குழாய். வாசலில் ஆள் நின்றார், அவ்வளவுதான்! அந்தச் செய்தி கேட்டு மதினி வாய்விட்டு அழவில்லை. "நின்னுருந்தா போதுமாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

என் தாய்மார்களே, நம்மை ஓடப் பழக்கியவர்கள் யார்? யாருடைய லாபத்துக்காக ஓடினோம்? யாருடைய குற்றத்தை மறைக்க ஓடினோம்? குற்றம் செய்தவர் நாற்காலியில் இருந்தார். குற்றமே செய்யாத நாம் முள்ளில் ஓடினோம். ஓடி ஓடி, கடைசியில் நம் சொந்த வாசலிலிருந்தே ஓடிவிட்டோமே!

வரும் செவ்வாய்க்கிழமை, நாம் கொடுத்த மனுக்களுக்காக, நம் தெருவை அளக்க வருகிறார்கள். மாடத்தி மதினி இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். கடைசி வரிசையில், டியூப்லைட்டுக்குக் கீழே. திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். வரும் வழியில் கேட்டேன்: "வீட்டையே வித்துட்டீகளே மதினி, உங்களுக்கு எதுக்கு வீட்டு வரிக் கூட்டம்?"

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "செவ்வாக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிட்டேன் தாயி. ஜீப்பு வாரப்போ தெருவுல நிக்கப் போறேன். எவளாவது ஓடுனா கையப் பிடிச்சு நிறுத்தணும்லா? அன்னைக்கு என் கையப் பிடிக்கத்தான் ஆளில்லாமப் போச்சு."

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த அண்ணாச்சிக்கும், அந்தக் கடைசி வரிசைக்கும் தலைவணங்கி விடைபெறுகிறேன். செவ்வாய்க்கிழமை வாசலில் நில்லுங்கள். வணக்கம்.