அந்தக் கை யாருடையது

— சைபர்லேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க சார். போன வாரம் முதுகுவலி எவ்வளவு இருந்துச்சு?

— சைபர். எழுதிட்டு அடியில ஒரு கோடும் போட்டுக்கங்க மேடம்.

— கோடு போட இடம் இல்ல சார். ஆறு மாசம் முன்னாடி முதல் தடவை வந்தப்ப எட்டுன்னு சொல்லியிருக்கீங்க.

— மரியாதைக்காக எட்டுன்னேன். நேராச் சொல்றேன், ஒன்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின முதுகு இது. எங்க கிடங்குத் தரை மேடும் பள்ளமும். ஒவ்வொரு குலுக்கலும் நடு முதுகுல வந்து கதவைத் தட்டும். மாத்திரை, ஊசி, பெல்ட்டு எல்லாம் ஆச்சு. கடைசில எங்க சூப்பர்வைசரே, உன்னையும் ஒரு பெட்டில வெச்சு 'உடையும் பொருள்'னு எழுதி ஒட்டிடலாமான்னு கேட்டார்.

— பதிவுக்காகக் கேக்கறேன். கிரேனியோசேக்ரல் சிகிச்சை எடுத்துக்கிட்டப்ப என்ன உணர்ந்தீங்க? உங்க வார்த்தையிலயே சொல்லலாம்.

— அந்தப் பேரு என் வாயில நுழையாது. வீட்ல நாங்க அதைத் 'தலைதொடல்'னுதான் சொல்றோம். முதல் நாள் சிரிப்புதான் வந்துச்சு. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கண்ணைத் துண்டால மூடிட்டாங்க. யாரோ ஒருத்தர் வந்து பின்மண்டைக்கு அடியில ரெண்டு கையையும் வெச்சார். அழுத்தல, பிடிக்கல, சொடக்கு எடுக்கல. ஒரு நாணயத்தை வெச்ச பாரம்தான். அப்புறம் முதுகெலும்பு முடியற இடத்துல ஒரு கை. அரைமணி நேரம். இதுக்கா அரைநாள் லீவு போட்டோம்னு தோணுச்சு.

— அப்புறம்?

— மூணாவது வாரம் காதுக்குள்ள அலை மாதிரி ஏதோ வந்து வந்து போச்சு. கால் ரெண்டும் கதகதன்னு ஆச்சு. எழுந்து வெளிய வந்து குனிஞ்சு செருப்பை மாட்டினேன். மாட்டி முடிச்ச பிறகுதான் உறைச்சது, குனிஞ்சிருக்கேன்னு. அடுத்த மாசம் கட்டில்ல படுத்தேன். ஒன்பது வருஷமும் வெறுந்தரை மேடம்.

— எழுதிக்கிட்டேன். ஆய்வு இன்னியோட முடியுது. நீங்க எந்தக் குழுன்னு இப்ப உங்ககிட்ட நான் சொல்லணும், அதுதான் விதி.

— குழுவை விடுங்க. எனக்கு ஒரே ஒரு தகவல் வேணும். என்னைத் தொட்டாரே, அந்தக் கைக்காரர் யாரு, அவரை எங்க பார்க்கலாம்? வெளிய பெஞ்சுல என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கா, அவளுக்காகத்தான்.

— அவங்களுக்கு என்ன சார்?

— இடுப்புல டிஸ்க் நழுவி நரம்பை நசுக்குது. வலது பாதத்தைத் தூக்க வரல. போன வாரம் தெருவுல செருப்பு கழண்டது தெரியாம நாலு வீடு தாண்டி வந்துட்டா. தையல் மெஷின் பெடலை இடது காலால மிதிக்கறா. வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் தேதி குடுத்திருக்கார். அதைத் தாண்டினா அந்தப் பாதம் பழையபடி ஆகாதுன்னு அவளை வெச்சுக்கிட்டும் சொன்னார், என்னைத் தனியாக் கூப்பிட்டும் சொன்னார். இவ கேக்கணுமே. உங்களைக் குணப்படுத்தின கை இருக்கும்போது எனக்கு எதுக்குக் கத்தின்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. அவளுக்கு இருக்கறதும் இப்ப ஒத்தைக் கால்தான்.

— சார், நான் சொல்றதை நிதானமாக் கேளுங்க. நீங்க இருந்தது ரெண்டாவது குழு. பயிற்சி உள்ள சிகிச்சையாளர் முதல் குழுவுக்கு மட்டும்தான். ரெண்டாவது குழுவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக, வைத்தியமே தெரியாத ஒருத்தரை விட்டு அதே இடங்கள்ல சும்மா கை வைக்கச் சொன்னோம். அவர் கவனம் உங்க மேல போயிடக் கூடாதுன்னு ஆயிரத்துலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சு மனசுக்குள்ள எண்ணச் சொல்லியிருந்தோம்.

— ஏழு ஏழா.

— ஆமா சார். எந்தக் குழுவுல வேணா விழலாம்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கு.

— நான் அவர் ஏதோ மந்திரம் சொல்றார்னு நெனச்சேன்.

— உங்களுக்கு வலி குறைஞ்சது நெசம். அதை இங்க யாரும் இல்லேன்னு சொல்லல.

— சரி, என் கதை கிடக்கட்டும். இவகிட்ட என்னன்னு சொல்வேன்?

— உள்ளதைச் சொல்லுங்க.

— நம்ப மாட்டா. ஆபரேஷனுக்கு அனுப்ப நான் ஜோடிச்ச கதைம்பா. இருபத்திரண்டு வருஷமாக் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க மேடம். முதல்ல ஆபரேஷன், அப்புறம்தான் தொடுவேன்னு அந்தக் கைக்காரர் சொன்னதா ஒரு வார்த்தை. உங்க வாயிலேர்ந்து வந்தா எடுபடும்.

— பொய் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார். வேணா ஒண்ணு பண்றேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன். அது பொய் இல்ல.

— அது போதும். நான் பக்கத்துல இருந்தா என் மூஞ்சியைப் படிச்சிடுவா. ஸ்கேன் படம் வண்டியில இருக்கு, அதை எடுத்துட்டு வரேன். இந்தா, பெஞ்சுலேர்ந்து எழுந்து உள்ள போ, மேடம் கூப்பிடறாங்க. நிலைப்படி இருக்கு, வலது காலைப் பார்த்து வை.

— வாங்கக்கா, இந்த நாற்காலியில உட்காருங்க.

— அவரு எங்கம்மா கிளம்பிட்டாரு?

— ஸ்கேன் படம் எடுத்துட்டு வரப் போயிருக்கார். அக்கா, வியாழக்கிழமை ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. தலைதொடலை நம்பி காலை விட்டுடாதீங்க.

— கொஞ்சம் கதவைச் சாத்துறீங்களா?

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— அந்தக் கைக்காரரை நான் பார்த்தாச்சும்மா, ரெண்டு மாசம் முன்னாடியே. இவரு உள்ள கண்ணை மூடிப் படுத்திருக்காரு, ஒருத்தர் கையைத் துடைச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. அப்பத்தான் என் கால் மரத்துப்போக ஆரம்பிச்ச நேரம். நொண்டிக்கிட்டே போயி மாடிப்படியில மடக்கிட்டேன். என்னையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கன்னேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் கீழ லைப்ரரியில புத்தகம் அடுக்கறவன், எனக்கு ஒரு வைத்தியமும் தெரியாது, வெளிய சொன்னா வேலை போயிடும்னு கெஞ்சினாரு.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா ஆபரேஷன் வேணாம்னீங்க?

— வேற எப்படிச் சொல்ல? அவரும் பண்ணிக்கோன்னுதான் சொல்றாரு. ஆனா நான் கத்திக்குச் சரின்னா, என்னைக் குணப்படுத்தின கையை நீ ஏன் நம்பலன்னு குடைவாரு. ரெண்டாவது கேள்விக்கே உளறிடுவேன். அவரு பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதும்மா. சாக்ஸ் மாட்டிவிடக் குனிஞ்சா என் மேல எரிஞ்சு விழுவாரு. அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாரு, எனக்குக் கேக்காதாம். இப்ப விசிலடிச்சுக்கிட்டே காய் நறுக்கித் தர்றாரு. ஒரு பாதம்தானே, போனாப் போவுதுன்னு இருந்துட்டேன்.

— அப்படி விடக் கூடாதுக்கா.

— அதுக்குத்தான் இன்னிக்கு அவரோட கிளம்பி வந்தேன். நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க. இந்தக் காலுக்கு முதல்ல ஆபரேஷன்தான்னு கைக்காரர் சொல்லிட்டாருன்னு. நீங்க சொன்னா மறுபேச்சு பேச மாட்டாரு. வியாழக்கிழமை நான் போயிப் படுத்துக்கறேன். அந்த லைப்ரரிக்காரர் சங்கதி மட்டும் அவரு காதுல விழக் கூடாது. விழுந்தா அன்னிக்கே வலி வந்து உட்கார்ந்துக்கும். சொல்லிடறீங்களா, இல்லையா?

— அக்கா, முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க.

— தண்ணி இருக்கட்டும். இந்த ஜன்னல்லேர்ந்து வண்டியெல்லாம் தெரியுதே, அதோ வர்றது அவருதானே? ஏம்மா, அவரு ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாரு?