சொந்தப் பறவையைக் கொன்ற யானை

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஆட்டோ வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஓர் இளம் ஜோடி. திடீரென்று அந்தப் பெண் தமிழில், “என் பறவைய உங்க யானையே மிதிச்சுக் கொன்னுடுச்சே!” என்றாள். போனில் மிருகங்களை மோதவிடும் ஆட்டமாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி.

“யானை தரைய அதிர வெச்சா, தரையில நிக்கிறதுக்குத்தான் அடி. உன்னுது பறக்குதேன்னு நெனச்சேன்.”

“முந்தின டர்ன்லயே எதிர் டீம்காரங்க வலை போட்டு அதக் கீழ இறக்கிட்டாங்களே! கண்ணு எங்க இருந்துச்சு?”

“மறந்துட்டேம்மா. ஆனா செமி ஃபைனல் ஜெயிச்சோமா இல்லியா?”

ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் சீட்டாடிய நாளில், கூட்டாளியின் சீட்டை வெட்டியவனை ஒரு மாதம் சேர்க்கமாட்டோம். இவன் ஜெயித்திருக்கிறான்! அவள் விடவில்லை.

“எப்படி ஜெயிச்சோம்? சொந்த ஆளையே கொல்றவன் அடுத்து என்ன பண்ணுவானோன்னு பயந்து, மூணு டர்ன் கேடயத்தப் புடிச்சிட்டே இருந்தாங்க. அதுக்குள்ள யானை பலம் ஏத்திக்கிச்சு. ஒரே மிதி, அவங்க ரெண்டும் காலி.”

“சரி, நாளைக்கு ஃபைனல்ல ஜாக்கிரதையா ஆடறேன்.”

“ஐயோ, வேணாங்க! நாளைக்கு வர்ற டீமும் நம்ம ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. அவங்களும் பயந்துதான் கெடப்பாங்க.”

“தீதி, ஆஷுன்” என்று ஆட்டோக்காரர் அவளை வங்காளியில் கூப்பிட்டார். ஏறிக்கொண்டே அவள் சொன்னாள்:

“மொத டர்ன்லயே பறவைய நானே கீழ இறக்கிடறேன். நீங்க யோசிக்காம மிதிச்சிடுங்க.”