வலப்பக்கக் கீழ் மூலை

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இன்ஜினியரும், அவர் ஆபீஸில் படம் வரைகிறவரும் உட்கார்ந்திருந்தார்கள். வரைகிறவர் மடியில் தண்ணீர்த் திட்டத்தின் வரைபடம் சுருட்டிக் கிடந்தது.

"சார், மலை ஜனங்களோட ஊருங்க மேல உங்க கையெழுத்து கீது."

"என்னய்யா சொல்றே?"

"வயலுக்குப் பச்சை, டவுனுக்கு நீலம் அடிச்சேன். கையெழுத்துக் கட்டத்த எப்பவும்போல வலப்பக்கக் கீழ் மூலைல போட்டேன். அவங்க மலை அந்த மூலைலதான் கீது. பழைய மேப்ப வெச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அவங்களுக்குப் பைப்பே போடல சார்."

இன்ஜினியர் சுருளின் அந்த மூலையைப் பிரித்துப் பார்த்தார்.

"மூணு வருஷமா மேஜை மேஜையா நின்னு வாங்கின மேலதிகாரிங்க கையெழுத்தும் இதுல இருக்குய்யா. இப்ப மாத்தினா தண்ணி டவுனுக்கும் வராது, வயலுக்கும் வராது."

"நேத்து அந்த மலை ஊர்த் தலைவரு ஒருத்தரு வந்தாரு சார். படத்துல எங்க ஊரக் காட்டுன்னாரு."

"எதைக் காட்டினே?"

"உங்க கையெழுத்து மேல வெரல வெச்சேன். அவரு அத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு போனாரு."