தினமும் முறை வருகிறவன்

பழவேற்காட்டுக்குத் திரும்பும் சாயங்கால பஸ். பொன்னேரியில் இறால் விற்றுவிட்டு வந்த இரண்டு பெண்கள், காலிக் கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் திடீரென்று கேட்டாள்.

"ஏங்க்கா, உலகத்துலயே பெரிய பணக்காரன்னு போன்ல காட்டுறாங்களே, அந்த ஆளு அடுத்தவனுக்கு எப்போ பாடு வுடுவான்?"

இறால் நன்றாக விழும் இடத்தில் எங்கள் ஏரியில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் வலை போடலாம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர்.

பெரியவள் சிரித்தாள். "அவன் எங்க வுடுறான்? அவனுக்குத் தினிக்கும் அவன் முறைதான்."

"தினிக்குமா? அப்போ முந்தின நாளு அவனுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படின்னா?"

"நாளைக்கு எங்க முறைக்கா. இருபது நாளு ஆச்சி. போன தபா காத்து அடிச்சி ஒண்ணும் வுழல. ஆனாலும் காலையிலேர்ந்து எனக்கு சோறு இறங்கல, சிரிப்பு சிரிப்பா வருது."

பஸ் ஏரியோரம் வந்துவிட்டது. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. தூரத்தில் ஒரு படகு இரண்டுக்கும் நடுவே தொங்குவதுபோல் நின்றது. பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அவன் பணம் மொத்தமும் உனக்குத்தான், நாளைக்கே கெளம்பி வான்னு கூப்ட்டா போவியாடி?"

இளையவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முடியாதுக்கா," என்றாள். "நாளன்னிக்கி வரேன்னு சொல்லு."