கடைசிப் பாட்டு

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் பொன்னேரி சிக்னலில் நின்றது. என் எதிர் சீட்டில் கம்பெனிச் சட்டையில் இருவர். ஒருவர் மடியில் கிட்டார்.

"பிசாச தொரத்துனதுதான் நைனா எங்க மொத ஆல்பத்துல ஹிட்டு" என்றார் கிட்டார்காரர்.

"பிசாசா? இயேசு பாட்டுதான போட்டீங்க?"

"இயேசு பாட்டுதான், ஆனா ராக்குப்பா. சர்ச்சுலயே ரெக்கார்டிங். எங்க சிங்கர் டேனி அடிவயித்துலேர்ந்து கத்துனான். பிசாசு புடிச்சிக்கிச்சின்னு பாஸ்டர் ஓடியாந்து, அவன் தலைய அமுக்கிக்கினு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. மைக்கு ஆன்ல இருந்துச்சு. அப்டியே கடைசிப் பாட்டா வெச்சிட்டோம்."

"மத்த பாட்டு?"

"எவனும் சீண்டல."

"பாஸ்டர் பேஜாராய்ட்டாரா?"

"அட நீ வேற! அடுத்த ஆல்பத்துக்கும் வரேன்றாரு. டேனிய இன்னும் நல்லா கத்தச் சொன்னாரு."