அலசாத கையுறைகள்

ஓய்வு பெற்றவனுக்குப் பகல் பதினோரு மணியைத் தாண்டுவதுதான் கஷ்டம், டாக்டர். பேப்பரை விளம்பரம் வரை படித்து முடித்திருப்பேன். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். முப்பத்திரண்டு வருடம் கிடங்கு மேலாளராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னைக் கேட்டு எதுவும் நகரவில்லை. சமையலறையில் நின்றால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பாள் மனைவி. நானும் பொறுப்பாகத் தள்ளி நிற்பேன். அதில் மட்டும் நல்ல பெயர் எடுத்தேன்.

அவளுக்கோ நேரம் போதாது. பதினெட்டு வருடமாகப் பெண்களுக்கான முடிதிருத்தும் கடை. ஊர் மாறிப் போனவர்கள்கூட முடி வெட்ட அவளிடம்தான் வருவார்கள்.

போன வருடம் அவள் விரல்கள் சிவந்து, அரித்து, வெடித்தன. உங்களிடம் அழைத்து வந்தவன் நான்தான். ஷாம்பூ, முடிச்சாயம், ஓயாத ஈரம் எதுவும் ஆகாது, கடைக்கு லீவு விடச் சொன்னீர்கள். வாசனை சோப்பு, சலவைத்தூள், வெந்நீர், எலுமிச்சைச் சாறு, மோதிரத்துக்கடியில் தங்கும் ஈரம் என்று ஒரு பட்டியலும் கொடுத்தீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

அடுத்த இரண்டு மாதம் என் பொற்காலம். பாத்திரம் கழுவினேன். பொத்தான் போட்டுவிட்டேன். நான் பின்னிய சடை சாக்கு மூட்டைக் கட்டு மாதிரி இருந்தது. முடிதிருத்துகிறவள் அதோடு வெளியே போனாள், குறை சொல்லவில்லை. "என்னங்க, இந்த டப்பாவ தெறந்து குடுங்க" என்றாள் ஒருநாள். கிடங்கில் இருநூறு பேர் சார் போட்டபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

அப்புறம் நீங்கள் அவசரப்பட்டுக் குணப்படுத்திவிட்டீர்கள். "அடுத்த மாசம் கடைய தெறக்கலாம்மா" என்றீர்கள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

களிம்பு தடவியபின் அவள் போடும் பருத்திக் கையுறைகளைத் துவைப்பது என் வேலை. இரண்டு மூன்று தண்ணீரில் அலசச் சொல்லியிருந்தீர்கள். நான் அலசுவதை நிறுத்தினேன். அவ்வளவுதான். விஷம் வைத்தேனா, கை நீட்டினேனா? சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சலவைத்தூளை இரண்டு கரண்டி கூடப் போட்டது பின்னால் வந்த பழக்கம்.

நாலே நாளில் விரல்கள் மறுபடி வெடித்தன. "பட்டியல்ல இருக்கிற எதையும் தொடலயேங்க" என்று அழுதாள். ஆறுதலுக்காகப் பட்டியலை உரக்க வாசித்துக் காட்டினேன். சலவைத்தூள் என்ற இடத்தில் என் குரல் தடுமாறவில்லை. நீங்கள் மூன்று களிம்பு மாற்றினீர்கள். உங்களோடு சேர்ந்து நானும் தலையைச் சொறிந்தேன். ஏழு மாதம் ஓடியது. கடையை, அங்கே அவளுக்கு உதவியாளராக இருந்த பெண்ணிடமே கொடுத்துவிட்டாள். ஒப்படைக்கும்போது கத்தரி அவள் கையிலிருந்து நழுவியது. நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் மகள் வந்தாள். காய்ந்திருந்த கையுறைகளை அம்மாவுக்காக இன்னொரு தடவை தண்ணீரில் போட்டாள்.

"அப்பா, தோச்சு காயவெச்சதுல ஏதுப்பா இவ்ளோ நுரை?"

நான் பதில் தேடிய விதத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மனைவியோ, விரலில் ரத்தம் கசியக் கசியத் தன் பெட்டியைத் தானே பூட்டிக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டாள்.

இதை உங்களிடம் நேரில் சொல்லச் சொன்னதும் மகள்தான். அங்கே மூன்றே வாரத்தில் கை ஆறிவிட்டதாம். நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, டாக்டர். இனி எல்லா வேலையையும் அவளே செய்துகொள்ள வேண்டுமே.